அடித்துவிட்ட வரி

திருப்பூர்,
9.6.2024

அன்புள்ள வினிதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் தேஜஸ்ரீயும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை வேல்குமாரும் சுகம்தானே? அந்தமானில் மழை பிடித்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ரங்கத்தில் உங்கள் வீட்டுக் கூரை இந்த வருஷமாவது ஒழுகாமல் இருக்கிறதா?

ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான். போன திங்கட்கிழமை மீட்டிங்கில் எங்கள் முதலாளி கிட்டுசாமி ஐயாவின் மகன் ரித்தீஷ், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குத் துணி வரத்து பற்றி நான் அனுப்பிய மெயிலைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். 'ரிப் வந்துவிட்டது. பாடி வரவில்லை. பாடி வந்தால் கட்டிங்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். "ஏனுங்க முருகேஷண்ணா, இது மெயிலுங்களா, தந்திங்களா? ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒட்டே இல்லீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அயர்ன் டேபிளில் ஹெல்பராகச் சேர்ந்து, ஆர்டரை முழுக்க நடத்துகிற மெர்ச்சண்டைசர் ஆகியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம். துணியைத் தொட்டால் எடை சொல்வேன். எழுத உட்கார்ந்தால் கை வேர்க்கிறது. நீ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை எனக்கும் எழுதி அனுப்பு. நான் எழுதி அனுப்புவதைத் திருத்து. வாட்ஸ்அப் வேண்டாம். அது ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் திறந்தே கிடக்கும், வீட்டில் போன் தேஜஸ்ரீ கையில் இருக்கும். பதினொன்றாவது படிக்கிற பிள்ளை அப்பனைத் திருத்துவதைத் தாங்க முடியாது.

உன் அண்ணிக்கும் தெரிய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் முருகேஷ்


ரங்கத்,
28.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வினிதாவின் வணக்கம். நாங்கள் நலம். கூரை ஒழுகுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறோம், பழகிவிட்டது. உங்களுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? அண்ணி சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சேர்ந்து சிரித்ததாக எழுதியிருந்த வரியை மட்டும் என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

உங்கள் இங்கிலீஷில் பிழை குறைவு. ரித்தீஷ் சொன்னது சரிதான், ஒட்டுதான் இல்லை. ஒரு வாக்கியம் முடிந்ததும் படிக்கிறவர் கையைப் பிடித்து அடுத்ததற்கு அழைத்துப் போக ஒரு சொல் வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்றால் 'ஹவ்எவர்'. கூட ஒன்று சேர்க்கிறீர்கள் என்றால் 'மோர்ஓவர்'. அதே நேரத்தில் வேறு இடத்தில் நடந்தது என்றால் 'மீன்வைல்'. ஒன்றால் இன்னொன்று நடந்தது என்றால் 'ஆஸ் எ ரிசல்ட்', 'தேர்ஃபோர்'. நாற்பது சொற்களைப் பட்டியல் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தினம் இரண்டு. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான், எனவே மீசை வைத்த மாணவருக்குச் சலுகை கிடையாது.

உங்கள் செக்கிங் ஹாலை மேய்க்கும் என் தோழி ஜெயசுதா எப்படி இருக்கிறாள்? அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இந்தச் சொற்களை நெட்டுரு போட்டவர்கள். கேட்டதாகச் சொல்லுங்கள்.

அண்ணிக்கும் தேஜஸ்ரீக்கும் என் அன்பு.
தங்கை வினிதா


திருப்பூர்,
21.7.2024

அன்புள்ள வினிதாவுக்கு,

எல்லாரும் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. மாப்பிள்ளைக்குச் சளி என்று போனில் சொன்னாயே, மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாயா?

பட்டியல் வந்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிக்கிறேன். எனக்குப் புரிந்த வகையில் இது ஓவர்லாக் தையல்தான். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்க்கிற தையல், வெளியில் தெரியக் கூடாது, ஆனால் இல்லாவிட்டால் பனியன் பனியன் இல்லை. சரியா, டீச்சர்?

ஜெயசுதாவிடம் சொன்னேன். "வினிதா என்னை நெனைச்சுப் பார்க்கறாளாங்க" என்று சந்தோஷப்பட்டது. வேலையில் கெட்டி. முப்பது பொம்பளைகளை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் இல்லாமல் நடத்துகிறது. கலர் பார்ப்பதில் அந்தக் கண்ணுக்கு மிஞ்சின கண் இந்த ரோட்டில் இல்லை. நான் சேர்த்துவிட்ட ஆள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

பயிற்சி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சிவப்பு மையைக் கொஞ்சம் சிக்கனமாகப் பயன்படுத்து.

பத்திரம்.
அண்ணன் முருகேஷ்


திருப்பூர்,
18.8.2024

வினிதாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். நீயும் ஸ்பீடு போஸ்டிலேயே திருப்பி அனுப்பு. கத்தரிப்பூ கலரில் குழந்தைகள் டீசர்ட் ஒரு பெரிய ஆர்டர் போயிருந்தது. உடம்புத் துணியும் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியும் வேறு வேறு லாட்டில் சாயம் போடுவது வழக்கம். இங்கே பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருந்தன. அங்கே அவர்கள் கடை விளக்கில் கழுத்து மட்டும் சிவப்படிக்கிறதாம். சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். தவறு எந்த இடத்தில் நடந்தது, எங்கே பிடித்திருக்க வேண்டும், ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு மாதத்துக்குள் அறிக்கை கேட்டிருக்கிறான் பையர். அறிக்கை சரியாக இல்லாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது.

எழுதச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். "முருகேஷண்ணா இப்ப நல்லா எழுதறாருங்கப்பா" என்று ரித்தீஷ்தான் ஐயாவிடம் சொன்னார். ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். பயிற்சி மாதிரி நினைத்துக்கொண்டு திருத்து. யார் பேரும் போடவில்லை, 'செக்கிங் பகுதி' என்றுதான் போட்டிருக்கிறேன். அடித்தல் திருத்தல் இருக்கும், நல்ல தாளில் மாற்றி எழுத நேரம் இல்லை.

அண்ணன்


ரங்கத்,
30.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். அவருக்குச் சளி போய்விட்டது. நீங்கள் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அவசரம் என்று புரிந்துகொண்டேன்.

முதலில் பாராட்டு. ஜூன் மாதத்து மனிதரா இதை எழுதினார் என்று ஆச்சரியப்பட்டேன். திருத்தம் குறைவுதான். ரிப்பும் பாடியும் செக்கிங்குக்குப் போயின என்று எழுதி, அடுத்து 'ஒருவேளை செக்கிங் பகுதி கவனிக்காமல் இருந்திருக்கலாம்' என்று இழுத்திருக்கிறீர்கள். அறிக்கையில் 'ஒருவேளை' கூடாது, எழுதுகிறவருக்கே நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்கள். எடுத்துவிட்டேன். இப்போது இப்படி வருகிறது: இரண்டு லாட்டும் செக்கிங் பகுதிக்கு அளிக்கப்பட்டன. 'ஹவ்எவர்', எந்த வித்தியாசமும் தெரிவிக்கப்படவில்லை. 'இட் தேர்ஃபோர் ஃபாலோஸ் தட்', தவறு அந்தப் பகுதியிலேயே நேர்ந்திருக்கிறது. வக்கீல் எழுதியது போல இல்லை? எனக்கே மூன்று தடவை வாசித்துப் பார்க்கத் தோன்றியது.

நடுவில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது நல்லதுதான். அது இருந்தால் ஓட்டம் கெட்டிருக்கும்.

ஜெயசுதாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கை வினிதா


திருப்பூர்,
13.10.2024

அன்புள்ள வினிதாவுக்கு,

சுகம். நேற்றுமுன்தினம் கம்பெனியில் ஆயுத பூஜை. பொரி, சுண்டல் எல்லாம் வழக்கம்போல். உனக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு டீசர்ட் பார்சலில் போட்டிருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறதா பார்.

அறிக்கை போய்ச் சேர்ந்தது. பையருக்குத் திருப்தி. அடுத்த சீசன் ஆர்டர் வந்துவிட்டது. ஐயா என்னைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். சீனியர் மெர்ச்சண்டைசர் என்று கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நீ சிரமப்பட்டுத் திருத்த வேண்டாம். உனக்கும் பள்ளிக்கூட வேலை இருக்கும். பட்டியல் என்னிடம் இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பிடிக்க முடியாவிட்டால் கவலைப்படாதே, வேலை.

அண்ணன்


திருப்பூர்,
24.11.2024

அன்புள்ள வினிதாவுக்கு,

ஜெயசுதா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். பையனுக்குத் தீபாவளியன்று காய்ச்சல் வந்து இப்போது பரவாயில்லை.

உன் விலாசம் பழைய டைரியில் இருந்தது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், உனக்கும் கஷ்டம். நான் இப்போது கம்பெனியில் இல்லை. ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கத்தரிப்பூ கலர் ஆர்டரில் ஷேடு மாறிப்போனதற்கு நான்தான் காரணம் என்று அறிக்கை போயிருக்கிறதாம். ரித்தீஷ் அதை வாசித்து, தமிழிலும் சொன்னார். நான் லாட்டு வந்த அன்றைக்கே சொன்னேன் என்றேன். "யாருகிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. யாரிடம் சொன்னேன் என்று உனக்கும் எழுத மாட்டேன். வேலை வாங்கிக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அங்கேயே, கையில் இருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை போனது ஒரு பக்கம். எனக்கு ஷேடு தெரியாது, கண்ணில் கோளாறு என்று ஊருக்குள் பரவிவிட்டது. மூன்று கம்பெனிக்குப் போனேன். பேரைக் கேட்டதும் பார்க்கிறேன் என்கிறார்கள். செக்கிங்கில் இருப்பவளுக்குக் கண் சரியில்லை என்று பேர் வந்தால் டிரைவருக்கு லைசன்ஸ் பறிபோன மாதிரிதான். இப்போது ஒரு சின்ன யூனிட்டில் தைத்த துணிக்கு நூல் பிசிறு வெட்டுகிறேன். பதினெட்டு வயதில் செய்த வேலை. பக்கத்து ஸ்டூலில் இருக்கும் பிள்ளை என்னை அக்கா, கத்தரி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டது.

கண் ஆஸ்பத்திரிக்கும் போனேன். புள்ளி புள்ளியாக ஒரு புத்தகம் வைத்து நம்பர் கேட்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னேன். டாக்டர் சிரித்து, உங்களுக்கு என்னம்மா குறை என்றார். இருந்தாலும் காலையில் சேலையும் ஜாக்கெட்டும் எடுக்கும்போது ஒரே கலர்தானா என்று பையனைக் கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த அறிக்கையில் ஒரு வரி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'இட் தேர்ஃபோர் ஃபாலோஸ் தட்' என்று ஆரம்பிக்கும். ராத்திரி பகல் அதுதான் காதில் ஓடுகிறது. உன்னிடம் சொன்னால் கொஞ்சம் ஆறும் என்று எழுதினேன்.

முடிந்தால் பதில் போடு.
ஜெயசுதா


ரங்கத்,
10.12.2024

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. கேட்கிறேன், வழக்கத்துக்காக.

ஜெயசுதாவிடமிருந்து தபால் வந்தது. பிசிறு வெட்டுகிறாளாம். கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறாள். நீங்கள் எனக்கு டீசர்ட் அனுப்பிய வாரத்தில் அவளை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

லாட்டு வந்த அன்றே ஒருவரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாள். பெயரைச் சொல்லவில்லை. அந்த ஒருவர் யார் அண்ணா? உங்களுக்கு வாக்கியம் கோக்கச் சொல்லிக்கொடுத்தது இதற்காகவா? பயிற்சி மாதிரி நினைத்துக்கொள் என்று எழுதினீர்கள். நான் நினைத்துக்கொண்டேன். என்னையும் இதில் இழுத்துவிட்டீர்கள்.

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

வினிதா


ரங்கத்,
12.12.2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் தபால் கிடைத்தது. பையனுக்குக் காய்ச்சல் முழுதாக விட்டதா? நாங்கள் நலம்.

உன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா? கெமிஸ்ட்ரி லேபில் மற்றவர்களுக்கு வெள்ளையாகத் தெரிந்ததை இளமஞ்சள் என்று சொல்லி மார்க் வாங்கியவள் நீ. தைரியமாக இரு. எல்லாம் கொஞ்ச நாளில் மறந்துபோகும். வேண்டுமானால் கோடை லீவில் பையனைக் கூட்டிக்கொண்டு இங்கே வா, கடலைப் பார்த்தால் மனசு லேசாகும்.

அந்த வரியை நினைத்துக்கொண்டிருக்காதே. ஆபீஸ் இங்கிலீஷில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

என்றும் அன்புடன்
வினிதா


திருப்பூர்,
16.2.2025

அன்புள்ள வினிதாவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதலாம் என்று இருந்தேன், அது பொய். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்குச் சென்னிமலை போனேன். படி ஏறப் பிடிக்காமல் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

ஷேடு வந்தால் லைட் பாக்ஸில் வைத்து நாலு விளக்கிலும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கத்தரிப்பூ லாட்டுக்கு நான் சாயம் போடுகிற டையிங் யார்டிலேயே போட்டேன். சாயங்காலம், வண்டியை விட்டு இறங்கவில்லை. பெட்ரோல் டேங்க் மேலே துண்டுத்துணியை வைத்துப் பார்த்து ஓகே என்று எழுதிக் கொடுத்தேன். மஞ்சள் வெயிலில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். இது எங்கள் ஹெல்பருக்கே தெரியும். மறுநாள் ஜெயசுதா இரண்டு பீசை எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்தது. "அண்ணா, கழுத்து சிவப்படிக்குதுங்க, பெட்டியில வெச்சுப் பாருங்க" என்றது. "அப்ரூவல் ஆயிருச்சும்மா, நீ ஓட்டு" என்றேன். இவ்வளவுதான் நடந்தது.

ஜனவரியில் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "முடிஞ்சு போனதை எதுக்குங்க முருகேஷ் கிளறிட்டு? பையரே மறந்துட்டான். இப்ப மாத்திச் சொன்னா நம்ம ரிப்போர்ட்டு எல்லாமே பொய்யின்னு ஆயிருமுங்க" என்றார். ரித்தீஷும் அதையேதான் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர்களுக்கு வேண்டாம் என்றால் யாருக்கு வேண்டும் என்று யோசித்தேன். தைப்பூசத்துக்கு மறுநாள் டீ டைமில் செக்கிங் ஹாலுக்குப் போய் எல்லார் முன்னாலும் தமிழில் சொன்னேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஜெயா என்னிடம் சொன்னது. நான் கேட்கவில்லை. அப்புறம் அது மேலேயே பழி போட்டேன். மூலை டேபிளில் இருக்கும் சாமியாத்தாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்ககிட்டச் சொல்றீங்க சரிங்க. அவகிட்டச் சொன்னீங்களா?" என்றது.

அன்று சாயங்காலமே போனேன். உள்ளே வரச் சொன்னது. நான் வாசலில் நின்றே சொன்னேன். கேட்டுவிட்டு "சரிங்க" என்றது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. குடிக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டது. "அந்த ரிப்போர்ட்டு நீங்களே எழுதுனதுங்களா?" ஆமாம், முழுக்க நான்தான் என்றேன். உன் பேர் எங்கேயும் வரவில்லை. இனியும் வராது. நீ நிம்மதியாக இரு.

என்னைச் சாம்பிள் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உன் அண்ணிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். தேஜஸ்ரீயிடமும் நானே சொன்னேன். அது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் இருவர் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.
அண்ணன் முருகேஷ்


ரங்கத்,
9.3.2025

ஜெயாவுக்கு,

நீயும் பையனும் சௌக்கியமா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் உன் வீட்டு வாசலில் நின்று சொன்னதெல்லாம் உண்மை, கடைசியில் சொன்னதைத் தவிர. அந்த அறிக்கையை அவர் முழுக்க எழுதவில்லை. நான் திருத்திக் கொடுத்தேன். 'ஒருவேளை' என்று அவர் தயங்கி எழுதியிருந்ததை நான் எடுத்தேன். உன் காதில் ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னுடையது. அதைச் சேர்த்துவிட்டுப் பெருமைப்பட்டேன்.

இதுவரை எழுதியதற்கு, எனக்கு விவரம் தெரியாது, பயிற்சி என்று நினைத்தேன் என்று காரணம் சொல்லலாம். அண்ணனுக்கு அப்படித்தான் எழுதினேன். அது பொய், ஜெயா. அவர் அனுப்பிய தாளில் ஒரு வரி அடித்திருந்தது. ஒரே கோடுதான் போட்டு அடித்திருந்தார், கீழே இருப்பது தெளிவாகத் தெரிந்தது. 'அவள் என்னிடம் சொன்னாள்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். நான் வாசித்தேன். அந்தக் கம்பெனியில் செக்கிங் ஹாலைப் பார்ப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? அந்த அவள் நீ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அண்ணனின் வேலை போய்விடுமோ என்றும் தோன்றியது. அடித்தது நல்லதுதான் என்று எழுதி அனுப்பினேன்.

நவம்பரில் நீ எழுதியதும் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடலைப் பார்க்க வா என்று எழுதினேன். ஆபீஸ் இங்கிலீஷ் அப்படித்தான் இருக்கும் என்றும் எழுதினேன். அதை எழுதின கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் எனக்காகப் பொய் சொன்ன பிறகு, பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று இரண்டு வாரம் இருந்து பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைப் போர்டில் எழுத முடியவில்லை. முடியாமல் போனதால்தான் எழுதுகிறேன், நல்லவள் என்பதால் இல்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் இல்லை.

வினிதா


திருப்பூர்,
30.3.2025

அன்புள்ள வினிதாவுக்கு,

உன் தபால் வந்தது. நாங்கள் இருவரும் நலம். பையனுக்குப் பரீட்சை நடக்கிறது. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் அண்ணன் ஹாலில் பேசியது கம்பெனி பஸ் எல்லாவற்றிலும் ஒரே நாளில் சுற்றி வந்துவிட்டது. ஊத்துக்குளி ரோட்டில் ஒரு யூனிட்டில் கூப்பிட்டு செக்கிங்கில் வைத்திருக்கிறார்கள். ஹெட் இல்லை, டேபிளில்தான். முன்பெல்லாம் ஒரு பார்வை போதும். இப்போது ஒவ்வொரு பீசையும் மூன்று தடவை லைட் பாக்ஸுக்குக் கொண்டுபோகிறேன். சூப்பர்வைசர் ஏன் இவ்வளவு நேரம் என்கிறார். பழையபடி ஆக நாளாகும் போலிருக்கிறது.

உன் அண்ணன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. முப்பது பேர் முன்னால் நின்று சொல்வது லேசு இல்லை. ஆனால் அறிக்கையைத் தானே எழுதினேன் என்றாரே, அப்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

ரித்தீஷ் அதை வாசித்தபோதே எனக்குத் தெரியும் வினிதா. பிளஸ் டூவில் எந்தக் கட்டுரை எழுதினாலும் கடைசிப் பத்தியை நீ 'இட் தேர்ஃபோர் ஃபாலோஸ் தட்' என்றுதான் ஆரம்பிப்பாய். உன் பேப்பரைப் பார்த்து நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். ரித்தீஷ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திருடி என்று சொல்வது போல் கேட்டுக்கொண்டிருந்தேன், குரல் மட்டும் உன் குரலாக இருந்தது. அதனால்தான் உனக்கு எழுதினேன். அந்த வரியையும் வேண்டுமென்றே எழுதினேன். உன்னிடம் சொன்னால் ஆறும் என்று போட்டது நிஜம் இல்லை. நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். டிசம்பரில் உன் பதில் வந்தது. சமையலறையில் நின்று படித்தேன். வேலை போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

சிநேகிதியைச் சோதித்துப் பார்த்தேனே என்று எனக்கும் வெட்கம்தான். நேராகவே கேட்டிருக்கலாம், நீயா எழுதினாய் என்று. போனைக் கையில் எடுத்து நாலைந்து தடவை வைத்திருக்கிறேன். இல்லை என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

ஜெயசுதா